வில்லுக்கு மூச்சைக் கற்றுத்தந்த தார்த்தீனி

வயலினில் இடக்கை பாடத்தைச் சொல்லும்; வலக்கைதான் அதைப் பாடும். இந்த உண்மையை ஏழாண்டுக் காலம் வயலின் பயின்ற பிறகே உணர்ந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னைப் போல் இசை பயிலும் நண்பர்கள் இக்கல்லூரியில் சிலர் உண்டு. அவர்களுக்கேனும் பயன்படட்டும் என்றெண்ணியே எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு நம் கல்லூரி முத்தமிழ் விழாவில் நான் மோகன வர்ணம் வாசித்தேன். தாளம் தவறவில்லை, சுரங்கள் தம் இடத்திலேயே விழுந்தன. கைதட்டலும் கிடைத்தது. மேடையை விட்டு இறங்கியதும் நான் பெரிதும் மதிக்கும் பேராசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். பாடம் சுத்தமாக இருக்கிறது தம்பி, ஆனால் தச்சுப் பட்டறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டது போல இருந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடியவன் ஒரு மாதம் அதைத் திறக்கவில்லை. நல்ல நாதம் பிறவியிலேயே வரவேண்டும், நமக்கு அது வாய்க்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவை மாற்றியவர் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் இத்தாலியர். இயற்பியல் மாணவனாகிய நான் தேர்வுக்காக ஒலியியல் நூலொன்றைப் புரட்டியபோது, தார்த்தீனியின் ஒலி என்றொரு தொடர் கண்ணில் பட்டது. இயற்பியல் நூலில் ஒரு வயலின் கலைஞர் பெயரா என்று வியந்து அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க அவர் எனக்காகவே வாழ்ந்து, எனக்காகவே எழுதி வைத்தது போலத் தோன்றிற்று. அவர் வாழ்வை என்னால் இயன்ற அளவில் இங்கே சொல்கிறேன்.

துறவியாக வேண்டியவர்

கியுசெப்பே தார்த்தீனி 1692-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் பிரானோ என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். இன்று சுலோவேனியா நாட்டில் பிரான் என்ற பெயரில் இருக்கும் அவ்வூர் அன்று வெனிசுக் குடியரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. தந்தையார் பிளாரன்சு நகரிலிருந்து வந்து குடியேறியவர், வசதி படைத்தவர். மகனைச் சமயத் துறவியாக்கிப் பார்க்க வேண்டுமென்பது பெற்றோரின் ஆசை. சமயக் கல்வியோடு சிறிது வயலினும் கற்ற மகனுக்கோ துறவில் நாட்டமில்லை. வீட்டாரும் விட்டுக்கொடுத்து, சட்டம் பயிலும்படி அவரைப் பதுவைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பி வைத்தனர்.

பதுவை என்றதும் நம்மில் பலருக்குப் பதுவை நகர்ப் புனித அந்தோணியார் நினைவுக்கு வருவார். தமிழகத்தில் அவர் பெயரால் எழுந்த கோவில்கள் எத்தனையோ! அந்த அந்தோணியாரின் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ள பேராலயம்தான் பின்னாளில் தார்த்தீனியின் வாழ்வு முழுவதற்கும் நிலைக்களமாயிற்று. ஆனால் மாணவப் பருவத்தில் அவர் சென்ற பாதை வேறு. சட்டப் புத்தகத்தை விட வாள் அவரை அதிகம் கவர்ந்தது. அந்நாளைய இளைஞர்கள் பயின்ற வாட்பயிற்சியில் அவர் தேர்ந்து விளங்கினார். அதையே தொழிலாகக் கொள்ளலாமா என்றுகூட எண்ணியதாகச் சொல்வர். மணிக்கட்டின் மென்மையையும் உறுதியையும் ஒருசேரக் கேட்கும் கலை வாட்போர். பின்னாளில் அவர் கையிலிருந்த வில்லுக்கும் அந்தப் பயிற்சி உதவியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1710-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், எலிசபெத்தா பிரெமசோரே என்ற பெண்ணை மணந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்தப் பெண் பதுவை ஆயராகிய கர்தினால் ஜார்ஜியோ கொர்னாரோவின் ஆதரவில் இருந்தவர் என்பர். கர்தினாலின் சினம் பொல்லாதது. இளங்கணவர் மனைவியைப் பதுவையிலேயே விட்டுவிட்டு, யாத்திரிகர் வேடத்தில் ஊரை விட்டு ஓட நேர்ந்தது.

அசிசியின் மடத்தில்

ஓடியவருக்குப் புகலிடம் தந்தது அசிசி நகரில் இருந்த புனித பிரான்சிசு மடம். ஏழ்மையைத் துணைவியாகக் கொண்ட பிரான்சிசின் மடத்தில், வழக்குக்கு அஞ்சி ஒளிந்த இளைஞர் சில ஆண்டுகள் தங்கினார். வாளும் இல்லை, நண்பர் கூட்டமும் இல்லை. இருந்தது வயலின் ஒன்றே. துறவியாக மறுத்து வீட்டை விட்டு வந்தவரைக் காலம் துறவிகள் நடுவிலேயே கொண்டுபோய் உட்கார வைத்தது. அங்கேதான் அவருடைய உண்மையான இசைக்கல்வி தொடங்கிற்று.

அவர் வெளிப்பட்ட விதம் பற்றிச் செவிவழிக் கதை ஒன்று உண்டு. ஆலயத்தில் திரைக்குப் பின்னே நின்று அவர் வயலின் வாசிப்பது வழக்கமாம். ஒருநாள் காற்றில் திரை விலகப் பதுவையிலிருந்து வந்திருந்த ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டாராம். அதற்குள் கர்தினாலின் சினமும் தணிந்துவிட்டிருந்தது. கதை எவ்வாறாயினும், கணவனும் மனைவியும் மீண்டும் சேர்ந்தார்கள்.

மூன்றாவது ஒலி

1714-ஆம் ஆண்டு வாக்கில் தார்த்தீனி அங்கோனா நகரில் நாடக அரங்க இசைக்குழுவில் வாசித்து வந்தார். அப்போதுதான் என்னை அவரிடம் இழுத்து வந்த அந்த ஒலியை அவர் கண்டறிந்தார். இரண்டு தந்திகளை ஒரே வில்லால் சேர்த்து இழைத்தபோது, இரண்டு சுரங்களோடு, அவர் வாசிக்காத மூன்றாவது சுரம் ஒன்றும் கீழ்த்தாயியில் மெல்ல ஒலிக்கக் கேட்டார்!

இதை இயற்பியலார் வேற்றுமை ஒலி என்பர். வினாடிக்கு 660 அதிர்வுகளும் 440 அதிர்வுகளும் கொண்ட இரு சுரங்கள் உரக்கச் சேர்ந்து ஒலிக்கும்போது, அவற்றின் வேறுபாடாகிய 220 அதிர்வுகள் கொண்ட சுரமும் செவிக்குக் கேட்கும். நம் வழக்கில் சொன்னால், சட்ஜமும் பஞ்சமமும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் நிற்பவை. இரண்டையும் பிசகின்றிச் சேர்த்து இழைத்தால் அடியில் கீழ்ச்சட்ஜம் தானே எழும். இதை நானே வாசித்துக் கேட்டேன். முதல் பத்து நாள் ஒன்றும் கேட்கவில்லை. பதினோராம் நாள் கேட்டது! அறையில் வேறு யாரோ உடன் வாசிப்பது போல உடல் சிலிர்த்தது.

தார்த்தீனி இதைக் கண்டு வியந்ததோடு நிற்கவில்லை. மாணவர்களுக்கு அதையே உரைகல்லாக ஆக்கினார். இரு தந்திகளைச் சேர்த்து வாசிக்கையில் மூன்றாவது ஒலி கேட்கவில்லையா, சுருதி சேரவில்லை என்று பொருள். வில் தடுமாறினாலும் அது மறைந்துவிடும். இடக்கையின் நேர்மைக்கும் வலக்கையின் நிதானத்துக்கும் அது ஒருசேரச் சாட்சி சொன்னது. 1754-ஆம் ஆண்டில் வெளியிட்ட இசை நூலில் அவர் இந்த ஒலியைப் பற்றி விரிவாக எழுதினார். அதில் அதன் தாயியை ஒரு படி மேலாகக் குறித்துவிட்ட பிழையை 1767-ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் அவரே திருத்திக்கொண்டார். எழுபத்தைந்து வயதில் தம் பிழையைத் தாமே திருத்தும் மனம் எத்தனை பேருக்கு வரும்?

வெனிசில் கேட்ட வில்

இனி நான் சொல்லப்போவதுதான் அவர் வாழ்வின் திருப்புமுனை. 1716-ஆம் ஆண்டு வெனிசு நகரில் பிரபு ஒருவரின் மாளிகையில் இசை நிகழ்ச்சி. வாசித்தவர் பிளாரன்சு நகரத்து வெராச்சீனி. தார்த்தீனியைவிட இரண்டே வயது மூத்தவர். கேட்டவர்களுள் தார்த்தீனியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. தேர்ந்த கலைஞர் என்று பெயரும் எடுத்திருந்தார்.

வெராச்சீனியின் வில்லிலிருந்து எழுந்த நாதத்தைக் கேட்டதும் தார்த்தீனியின் தன்னம்பிக்கை தரைமட்டமாயிற்று. தம் விரல்கள் அறிந்ததைத் தம் வில் அறியவில்லை என்பதை அந்த ஒரே மாலையில் உணர்ந்தார். மறுநாளே மனைவியைப் பிரானோவிலிருந்த உடன்பிறந்தாரிடம் அனுப்பிவிட்டு, தாம் மட்டும் அங்கோனாவுக்குத் திரும்பினார் என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் தெரியுமா? வில் பிடிக்கக் கற்பதற்கு! ஊரறிந்த கலைஞர் ஒருவர் அரிச்சுவடி எழுத மீண்டும் உட்கார்ந்தார்.

நண்பர்களே, இந்த இடத்தைப் படித்தபோது நான் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் எனக்கும் நேர்ந்தது ஒன்றே. அவமானத்தை இருவருமே ஒரே மாலையில் அடைந்தோம். நான் பெட்டியை மூடினேன், அவர் திறந்தார். வேறுபாடு அவ்வளவுதான்.

பதுவையும் பிராகும்

1721-ஆம் ஆண்டு பதுவைப் புனித அந்தோணியார் பேராலய இசைக்குழுவின் முதல் வயலின் கலைஞராகவும் தலைவராகவும் அவர் அமர்த்தப்பட்டார். வழக்கமான தேர்வு எதுவும் அவருக்கு வைக்கப்படவில்லை. அங்கோனாவின் தனிமை வீண்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1723-ஆம் ஆண்டில் ஆறாம் சார்லசு மன்னர் பொகீமியாவின் அரசராக முடிசூடிக்கொண்ட விழாவுக்காகத் தார்த்தீனி பிராகு நகர் சென்றார். உடன் சென்றவர் அவருடைய உயிர் நண்பரும் செலோக் கலைஞருமான வந்தீனி. கின்சுகி பிரபுவின் ஆதரவில் இருவரும் மூன்றாண்டுகள் அங்கே தங்கினர். அங்கே அவர் வாசிப்பைக் கேட்டவர்களுள் செர்மானியப் புல்லாங்குழல் கலைஞர் குவாண்ட்சும் ஒருவர். அவர் எழுதி வைத்த கருத்து நம் கவனத்துக்குரியது. தார்த்தீனியின் நாதம் அழகானது, விரலும் வில்லும் அவர் சொன்னபடி கேட்கின்றன, எவ்வளவு கடினமானதையும் எளிதாக வாசிக்கிறார் என்று பாராட்டிய குவாண்ட்சு, ஆனால் அந்த வாசிப்பு நெஞ்சைத் தொடவில்லை, பாடுவது போன்ற பாங்கு அதில் இல்லை என்றும் எழுதிவிட்டார்.

குவாண்ட்சு சொன்னது நியாயமா இல்லையா என்ற வழக்குக்குள் நான் புகவில்லை. நல்ல நாதம் ஒன்று. அந்த நாதத்தால் நெஞ்சைத் தொடுவது மற்றொன்று. முதலாவதை அடைந்தவருக்கு இரண்டாவது தானாகக் கிட்டிவிடாது என்பது மட்டும் இதிலிருந்து விளங்குகிறது. 1726-இல் பதுவைக்குத் திரும்பிய தார்த்தீனி பிறகு நாடியதெல்லாம் அந்த இரண்டாவதையே. நன்றாக வாசிக்க வேண்டுமானால் நன்றாகப் பாடத் தெரிய வேண்டும் என்பது அவர் பள்ளியின் தாரக மந்திரமாயிற்று. தாம் இயற்றிய பல இசைப் பகுதிகளின் தலைப்பில் கவிதை வரிகளைத் தாமே வகுத்துக்கொண்ட மறைகுறி எழுத்துக்களில் எழுதிவைத்தார். அந்த எழுத்து இருபதாம் நூற்றாண்டில்தான் படித்தறியப்பட்டது. கேட்பவருக்குச் சொல் தெரியாது. வாசிப்பவர் நெஞ்சில் மட்டும் சொல் இருக்கும். கீர்த்தனையின் சாகித்தியத்தை மனத்தில் பாடிக்கொண்டே வில் போடச் சொல்லும் நம் ஆசிரியர்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்.

ஆனால் பாட்டையும் கருவியையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. வெனிசு நாடக அரங்குகளுக்கு இசை நாடகம் எழுதித்தரும்படி கேட்டபோது மறுத்துவிட்டார். மனிதத் தொண்டை வேறு, வயலினின் விரற்பலகை வேறு என்பது அவர் கருத்து. அவரைப் பதுவையில் கண்டு பேசிய பிரெஞ்சு அறிஞர் தெ புரோசு இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த அறிஞர் அவருடைய வாசிப்பின் தூய்மையைப் போலவே அவருடைய அடக்கத்தையும் வியந்தார்.

வில்லே ஒரு கலை

1720-களின் இறுதியில் தார்த்தீனி பதுவையில் வயலின் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்ததால் நாடுகளின் பள்ளி என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. நார்தீனி போன்ற பெருங்கலைஞர்கள் அங்கே உருவானார்கள். இலண்டனும் பாரிசும் பெரும்பொருள் காட்டி அழைத்தன, அவர் அசையவில்லை. பேராலயத்தில் வாசிப்பது, மாணவர்களுக்குக் கற்பிப்பது, எழுதுவது என்று நாற்பது ஆண்டுகள் ஓடின. நூற்றுக்கு மேற்பட்ட கச்சேர்த்தோக்களையும் அதுபோலவே மிகுதியான சொனாட்டாக்களையும் இயற்றினார். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே வயலினுக்காக எழுதியவை.

வில்லின் கலை என்பது அவருடைய நூல் ஒன்றின் பெயர். தமக்கு முந்திய மேதையாகிய கொரெல்லியின் சிறிய மெட்டொன்றை எடுத்துக்கொண்டு, அதை ஐம்பது விதமாக மாற்றி அமைத்திருக்கிறார். ஒவ்வொரு மாற்றமும் வில்லுக்கு ஒரு புதிய பாடம். ஒன்றில் வில் துள்ளும். மற்றொன்றில் பல சுரங்களை ஒரே இழுப்பில் கோக்கும். வேறொன்றில் தந்திவிட்டுத் தந்தி தாவும். மெட்டு ஒன்றே, வில் பேசும் விதம் ஐம்பது!

அந்நாளைய வில் இன்றைய வில்லைப் போன்றதன்று. வேட்டை வில்லைப் போல வெளிப்புறம் சற்று வளைந்திருந்தது, நீளமும் குறைவு. மெல்லிய மரத்தால் சற்று நீண்ட வில்லை அமைத்துப் பயன்படுத்தியவர் என்ற பெருமையும் தார்த்தீனிக்கு உண்டு. நீண்ட நாதத்துக்கு நீண்ட வில் வேண்டுமல்லவா? இன்று நாம் பிடிக்கும் உள்வளைந்த வில் பாரிசு நகரத்துத் தூர்த் என்பவர் கையில் அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் உருப்பெற்றது.

ஒரு சிறுமிக்கு எழுதிய கடிதம்

இப்போது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். வெனிசு நகரில் மெந்திகாந்தி என்ற அறநிலையம் ஒன்று இருந்தது. ஏழைச் சிறுமியரை வளர்த்து அவர்களுக்கு இசையும் கற்பித்தது. அங்கே வளர்ந்து வந்தவள் மத்தலேனா லொம்பார்தீனி. 1745-ஆம் ஆண்டு பிறந்தவள். வயலின் கற்க அவளுக்கிருந்த ஆர்வத்தை அறிந்த தார்த்தீனி 1760-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் பதுவையிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு வயது அறுபத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது, அவளுக்குப் பதினான்கு. ஐரோப்பாவே ஆசான் என்று போற்றிய முதியவர் அறநிலையத்துச் சிறுமி ஒருத்திக்குத் தம் வாழ்நாள் அறிவைப் பிழிந்து கொடுத்தார். அவர் மறைந்த 1770-ஆம் ஆண்டில் அக்கடிதம் அச்சாயிற்று. அடுத்த ஆண்டே இசை வரலாற்றாசிரியர் சார்லசு பர்னி அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

கடிதத்தின் முதற்பாடம் இது. வில்லைத் தந்தியின்மேல் வைக்கும்போது அடிப்பது போல வைக்கக் கூடாது. ஒலியின் தொடக்கம் மூச்சு விடுவது போல இருக்கவேண்டும். மணிக்கட்டு இலேசாக இருக்கவேண்டும். வில்லை வைத்த கணமே அது நகரத் தொடங்கிவிட வேண்டும். இப்படி மெல்லத் தொடங்கிவிட்டால் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கரகரப்பு வராது. இதை வில்லின் நடுவிலும் இரு முனைகளிலும், கீழிழுப்பிலும் மேலிழுப்பிலும் ஒன்றுபோலச் செய்யத் தெரியவேண்டும்.

அதற்கான பயிற்சியையும் சொல்கிறார். விரலே வேண்டாம். இரண்டாம் தந்தியை வெறுமையாக இழை. காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடங்கி, படிப்படியாக ஒலியை வளர்த்து முழு வலிமைக்குக் கொண்டு செல். மேலிழுப்பிலும் அப்படியே செய். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது இதற்கு ஒதுக்கு. ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். பயிற்சிகளுள் இதுவே மிகக் கடினமானது, இதுவே மிக முக்கியமானது என்று அந்தச் சிறுமிக்கு அவர் அழுத்திச் சொல்கிறார்.

அடுத்தது வேகம். கொரெல்லியின் விரைவான பகுதிகளை நாள்தோறும் வாசிக்கச் சொல்கிறார். அவற்றில் ஒவ்வொரு சுரத்துக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டு வாசிக்கவேண்டும். முதலில் வில்லின் நுனியில் மட்டும் வாசிக்கவேண்டும். அது கைவந்ததும் நுனிக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட பகுதியில். அதன் பின்னரே நடுவில். ஒருமுறை கீழிழுப்பில் தொடங்கினால் மறுமுறை மேலிழுப்பில் தொடங்கவேண்டும். அதற்குப் பிறகுதான் இடக்கையின் இடமாற்றத்துக்கும் துரித அசைவுக்கும் வருகிறார். வில் முதலில், விரல் பிறகு என்ற வரிசையே ஒரு பாடம் அல்லவா? துரித அசைவிலும் எல்லா இடத்துக்கும் ஒரே வேகம் பொருந்தாது, விளம்பத்துக்கு வேறு, துரிதத்துக்கு வேறு என்று சொல்லி முடிக்கிறார்.

அந்தச் சிறுமி என்ன ஆனாள்? பதுவைக்கே சென்று அவரிடம் நேரில் பயிலும் பேறும் பெற்றாள். 1767-இல் வயலின் கலைஞர் சீர்மென் என்பவரை மணந்து, பாரிசிலும் இலண்டனிலும் பெரும்பெயர் பெற்றாள். கச்சேர்த்தோக்களும் நால்வர் இசைகளும் இயற்றினாள். பெண்கள் மேடையேறுவதே அரிதாக இருந்த காலம் அது என்பதை மறக்கவேண்டாம். ஒரு கடிதம் ஓர் அபலையை உலகறியச் செய்தது!

இராமன் சொன்ன காரணம்

இயற்பியல் மாணவன் என்பதால் இந்தப் பயிற்சி ஏன் பலிக்கிறது என்றும் ஆராய்ந்து பார்த்தேன். ரோசின் தடவிய மயிர் தந்தியைப் பற்றிக்கொண்டு சிறிது தூரம் இழுத்துச் செல்லும், பிடி தாங்காமல் தந்தி விடுபட்டுப் பின்னே வழுக்கும், மீண்டும் பற்றும். வினாடிக்கு 440 அதிர்வுள்ள தந்தியில் இது வினாடிக்கு 440 தடவை நடக்கிறது. செர்மானிய அறிஞர் எல்ம்கோல்ட்சு இதை முதலில் விளக்கினார். இந்தப் பற்றலும் வழுக்கலும் ஒழுங்காக அமைந்தால் நாதம், குழம்பினால் கரகரப்பு. வில் நகருமுன்பே அழுத்தினால் தந்தி உரிய நேரத்தில் விடுபட முடியாமல் சிக்கி நெரிபடும். தச்சுப் பட்டறை ஓசை அங்கேதான் பிறக்கிறது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சர் சி. வி. இராமன் கல்கத்தாவில் இந்தத் துறையில் பெரும்பணி செய்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. வில் இழைக்கும் தந்தியின் அதிர்வு பற்றி 1918-இல் ஆய்வு நூலொன்றை வெளியிட்டார். பிறகு எந்திரத்தால் இழைக்கும் வயலின் அமைப்பு ஒன்றை உருவாக்கி, நல்ல ஒலி எழுவதற்கு வில்லின் அழுத்தம் குறைந்தது எவ்வளவு இருக்கவேண்டும் என்று அளந்தார். வில் குதிரையை நெருங்க நெருங்க அந்த அழுத்தம் விரைந்து கூடுவதையும், வில்லின் வேகம் கூடினாலும் அது கூடுவதையும் கண்டறிந்தார். அழுத்தம், வேகம், இடம் ஆகிய மூன்றின் உறவே நாதம். தார்த்தீனி செவியால் அறிந்ததை இராமன் கருவியால் அளந்தார். ஒருவர் பாடத்துக்கு மற்றவர் உரையெழுதியது போலிருக்கிறது.

கனவும் இறுதியும்

தார்த்தீனியின் பெயரைச் சொன்னால் உலகம் நினைப்பது பேயின் துரித அசைவு என்ற பெயர்கொண்ட சொனாட்டாவை. 1713-ஆம் ஆண்டு ஓர் இரவு கனவில் பேயே தம் வயலினை வாங்கி வாசித்ததாகவும், விழித்ததும் கேட்டதை எழுத முயன்றதாகவும், எழுதியது கேட்டதற்கு ஈடாகவில்லை என்றும் அவர் சொன்னதாகப் பிரெஞ்சு வானியலார் லலாந்து எழுதியிருக்கிறார். பேயை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கனவில் கேட்ட நாதத்தை நனவில் எட்டிப்பிடிக்கவே அவர் வாழ்நாள் முழுதும் வில்லோடு போராடினார் என்று கொண்டால், அந்தக் கதைக்கு நான் தலைவணங்குவேன்.

1770-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள், தம் எழுபத்தேழாம் வயதில், பதுவையிலேயே அவர் காலமானார். இறுதி நாட்களில் மாணவர் நார்தீனி அருகிலிருந்து பணிவிடை செய்தார் என்பர். பிறந்த ஊராகிய பிரானில் 1896-ஆம் ஆண்டு அவருக்குச் சிலை எழுப்பினர். அச்சிலை நிற்கும் சதுக்கமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இனி என் கதையைச் சொல்லி முடிக்கிறேன். கடிதத்தைப் படித்த மறுநாள் விடியலில் வயலின் பெட்டியைத் திறந்தேன். தந்தி துருவேறியிருந்தது, மாற்றினேன். வர்ணம் இல்லை, கீர்த்தனை இல்லை; சட்ஜத் தந்தி ஒன்றையே மூச்சு விடுவது போல இழைத்தேன். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி. வீட்டில் அம்மா, இவன் ஏன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறான் என்று அக்காவிடம் கேட்டது காதில் விழுந்தது. முதல் மாதம் எனக்கும் அழுகையாகத்தான் வந்தது. வில் நடுவில் நடுங்கும், நுனியில் வழுக்கும், அடியில் கனக்கும். ஐந்தாம் மாதம் ஒருநாள், தொடங்கியது எங்கே என்று எனக்கே தெரியாமல் ஒலி பிறந்து வளர்ந்து நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குக் கிடைத்த முதல் பரிசு.

நான் இன்னும் நல்ல கலைஞன் ஆகிவிடவில்லை. இந்த ஆண்டு விழாவில் வாசிக்கும்படி கேட்டார்கள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அங்கோனாவில் அவர் எத்தனை காலம் உட்கார்ந்தாரோ, நானும் என் அளவில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆனால் நல்ல நாதம் பிறவியிலேயே வரவேண்டும் என்ற எண்ணம் என்னிடம் இப்போது இல்லை. இருபத்து நான்கு வயதில் மீண்டும் அரிச்சுவடிக்குத் திரும்பிய ஒருவர் அதைப் பொய்யென்று மெய்ப்பித்துவிட்டார். இசைக்கு மட்டுமா இது பொருந்தும்? தேர்வில் தவறியவர்களும் மேடையில் தடுமாறியவர்களும் ஒருமுறை தார்த்தீனியை நினைத்துக்கொள்ளுங்கள். மூடிய பெட்டியைத் திறங்கள். மெல்லத் தொடங்குங்கள். வலிமை பிறகு தானே வரும்.